28 நாள் கியூப் சோதனையில் விழுந்துவிட்டது, 31.5 என்று எழுதச் சொல்கிறார்கள்

சிமெண்ட்தூசு (வெள்ளி, இரவு 11.40)

வணக்கம். சென்னைப் புறநகரில் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் கட்டுமானத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். வயது 26. நிறுவனத்தின் பெயரை யாரும் கேட்க வேண்டாம்.

ஐந்தாம் மாடித் தூண்களுக்கு ஊற்றியது எம்30 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமை வர வேண்டியது. ஊற்றும்போதே அச்சில் எடுத்துவைத்த அதன் மாதிரிக் கட்டிகளை, அதாவது 28 நாள் கியூப்களை, இன்று காலை மெஷினில் அழுத்தி உடைத்தோம். மூன்று கியூப்களின் சராசரி 24.6 நியூட்டன். மெஷினின் மீது சந்தேகம் வந்து இன்னொரு தொகுதியையும் உடைத்துப் பார்த்தேன், மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. புராஜெக்ட் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "31.5 என்று எழுதிக் கையெழுத்துப் போடு. ஆறாம் மாடிக்கு ஷட்டரிங் பலகை ஏறிவிட்டது. திங்கட்கிழமை பில் போக வேண்டும்" என்றார்.

பதிவேட்டை அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் எழுதவில்லை. இதற்கு முன் வந்த எண்களையும் தருகிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள். தரையில் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம்: 34.1, 30.8, 37.7, 33.2. இரண்டாம் மாடி: 33.0, 38.4, 30.6, 35.2. நான்காம் மாடி: 31.6, 31.4, 31.5, 31.7. இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இந்த ஒரு 24.6 ஐ விதி ஏற்குமா? என்ன செய்வது?

சைட்டில்19வருடம் (சனி, காலை 6.15)

தம்பி, கோபப்படாமல் படியுங்கள். வடிவமைப்பில் எத்தனை பாதுகாப்புக் காரணிகள் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். கான்கிரீட்டின் வலிமையை 1.5 ஆல் வகுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், பாரத்தை 1.5 ஆல் பெருக்குகிறார்கள். 24.6 வந்ததால் எந்தத் தூணும் நாளைக்கே சாய்ந்துவிடாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. கியூப் விழாத சைட்டை இதுவரை பார்த்ததில்லை. கையெழுத்துப் போட மறுத்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாளே அவர்கள் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்து அதே எண்ணை எழுதினான். கட்டடத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை, போனது அந்தப் பையனின் சம்பளம் மட்டும்தான்.

பீகாரில் சத்யேந்திர துபே என்று ஒரு பொறியாளர் இருந்தார். ஐஐடி கான்பூரில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமருக்கே கடிதம் எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடுதான் மேசைக்கு மேசை போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயதுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பழைய பொதுப்பணி (சனி, காலை 7.50)

நான் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மேலே எழுதியவர் சொன்ன பாதுகாப்புக் காரணி பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அந்த 1.5 யாருக்காக வைத்தது? கம்பி கட்டுபவர் ஓரிடத்தில் இடைவெளி மாறிக் கட்டிவிடலாம், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒரு மூலையில் சரியாக இறங்காமல் போகலாம், குடிவருபவர் மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். நமக்குத் தெரியாமல் நடக்கும் பிழைகளுக்காக ஒதுக்கி வைத்த சேமிப்பு அது. தெரிந்தே செய்யும் பிழைக்கு அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

இனி விதி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இன்படி எம்30 க்குத் தனி மாதிரி எதுவும் 27 க்குக் கீழே போகக் கூடாது. தொடர்ச்சியான நான்கு மாதிரிகளின் சராசரி குறைந்தபட்சம் 33 இருக்க வேண்டும். ஆகவே 24.6 விழுந்துவிட்டது, அதில் பேச்சுக்கு இடமில்லை. விழுந்ததால் கட்டடம் கெட்டுவிட்டது என்றும் பொருள் இல்லை. கியூப் என்பது பானைச் சோற்றில் எடுத்துப் பார்க்கும் ஒரு சோறு. அந்த ஒரு சோறு வேகாததற்கு வேறு காரணம் இருக்கலாம். கியூப் அச்சில் கான்கிரீட்டைக் கம்பியால் சரியாகக் குத்தி இறுக்காமல் விட்டிருக்கலாம், தண்ணீர்த் தொட்டியில் போடாமல் இரண்டு நாள் வெயிலில் வைத்திருக்கலாம். அப்போது தூணையே துளைத்துக் கோர் என்ற உருளை மாதிரி எடுத்துப் பார்க்க விதியில் வழி இருக்கிறது. குறைந்தது மூன்று கோர்கள். அவற்றின் சமான கியூப் வலிமை சராசரியாக 30 இல் 85 சதவீதம், அதாவது 25.5 இருக்க வேண்டும். தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 22.5 க்குக் கீழே போகக் கூடாது. அது தேறினால் தூணை ஏற்றுக்கொள்ளலாம். இவ்வளவு நேரான வழி இருக்கும்போது உங்கள் மேனேஜருக்குப் பொய் எதற்கு? கோர் எடுத்தால் பத்து நாள் தாமதமாகும், பில் தள்ளிப்போகும். அதற்காக மட்டும்தான்.

தம்பியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டில்ட் தளத்தின் எண்களைப் பார்த்தேன், இரண்டாம் மாடியின் எண்களையும் பார்த்தேன். மேலும் கீழுமாக அலைகின்றன, கான்கிரீட் அப்படித்தான் வரும். நான்காம் மாடியில் மட்டும் 31.6, 31.4, 31.5, 31.7. முப்பத்து மூன்று ஆண்டு வேலையில் இத்தனை ஒழுங்காக ஒரு கான்கிரீட்டை நான் உடைத்ததில்லை. அந்த நான்கின் சராசரி 33 ஐத் தொடவும் இல்லை. எழுதியவருக்கு விதியே தெரிந்திருக்கவில்லை, 30 ஐத் தாண்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். நான்காம் மாடியில் கையெழுத்துப் போட்டது யார்?

பேரேடு (சனி, காலை 9.05)

நான் பட்டயக் கணக்காளர். கட்டுமானம் தெரியாது, எண்கள் தெரியும். ஐயா எழுதிய கடைசிப் பத்தியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் எங்கள் தொழிலிலும் பொய்யை இப்படித்தான் பிடிக்கிறோம். உண்மையான பேரேடு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் எழுதிய கடிதம் எங்கள் தலைமுறைக் கணக்காளர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் கணக்கில் இருந்தன, உலகில் இல்லை. புலி மீது ஏறியாகிவிட்டது, தின்னப்படாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். முதலில் சிறிய இடைவெளிதான், அதை நிரப்ப அடுத்த காலாண்டில் கொஞ்சம் பெரிய பொய் தேவைப்பட்டது. தணிக்கையாளர்கள் செய்திருக்க வேண்டியது மிக எளிய வேலை. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதத்தை நேராக வங்கிக்கு அனுப்பி, பதிலை நேராக வாங்க வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தை அவர்கள் நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். உங்கள் கியூப் மெஷினில் உடைப்பவரும் அந்தத் தணிக்கையாளரும் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள். இருவருமே நேரில் பார்த்துவிட்டு, 'பார்த்தேன்' என்று எழுத வேண்டியவர்கள்.

இன்னொன்று. துபே கொலைக்குப் பின் 2004 இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நடக்கும் ஊழலைப் பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பலாம், பெயரைக் காக்கும் பொறுப்பு ஆணையத்துடையது. 2014 இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு இல்லாமலே அதன் மீது ஆண்டுகள் கடந்தன. தனியார் கட்டுமானத்தில் இருக்கும் உங்களுக்கு இவை எதுவும் உதவாது. உங்கள் பாதுகாப்பு நீங்கள் எழுத்தில் வைக்கும் சொற்களில்தான் இருக்கிறது. ஆகவே வாயால் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள்.

சிமெண்ட்தூசு (சனி, இரவு 10.20)

பகல் முழுவதும் இந்தப் பக்கம் வரத் துணிவு வரவில்லை.

நான்காம் மாடியில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஏழு வாரத்துக்கு முன்பு. அப்போது கியூப் விழவில்லை, கியூப்பே இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, கலந்த கான்கிரீட் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டி நள்ளிரவில்தான் வந்தது, கியூப் அச்சு நிரப்ப ஆள் நிற்கவில்லை. நானும் தூங்கப் போய்விட்டேன். 28 நாள் கழித்துப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. லேப் உதவியாளரைக் கூப்பிட்டு எண்களை நானே சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜருக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட ஐந்து வினாடி ஆனது.

நேற்று அவர் 31.5 என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் உண்மையானது. அந்த எண்ணை முதலில் எழுதியவன் நான் என்பது அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சைட்டில்19வருடம் (சனி, இரவு 10.41)

இதை இங்கே எழுதியிருக்கவே கூடாது தம்பி. சரி, போனது போகட்டும். ஐந்தாம் மாடிக்கு வேண்டுமானால் கோர் கேளுங்கள். நான்காம் மாடியைக் கிளறாதீர்கள். அதைச் சொன்னால் உங்களை நம்ப ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஐந்தாம் மாடி பற்றிச் சொல்வதையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள்.

விண்துகள் (ஞாயிறு, காலை 8.30)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இயந்திரப் பொறியியல் கற்பிப்பவன் நான். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்து ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். 1986 ஜனவரி 27 இரவு.

மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் கடுங்குளிர் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்தது யூட்டாவில் இருந்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனம். ராக்கெட்டின் துண்டுகள் இணையும் இடத்தில் ஓ வளையம் என்ற ரப்பர் அடைப்பு உண்டு. குளிரில் அது விறைத்துவிடும், விறைத்தால் சூடான வாயு வெளியே பாயும். ரோஜர் போஷோலே என்ற பொறியாளர் ஆறு மாதத்துக்கு முன்பே, 1985 ஜூலை 31 இல், உயிர்கள் போகும் என்று எழுத்திலேயே எச்சரித்திருந்தார். அவருடைய சகா பாப் எபெலிங் அக்டோபரில் அனுப்பிய குறிப்பு 'காப்பாற்றுங்கள்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அன்று இரவு நாசாவோடு தொலைபேசிக் கூட்டம். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று தியோக்கால் பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பிலிருந்து லாரி முல்லாய் எரிச்சலோடு, "எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார். தியோக்கால் ஐந்து நிமிட இடைவேளை கேட்டது, அது அரை மணி நேரம் நீண்டது. அந்த அறையில் மூத்த நிர்வாகி ஜெர்ரி மேசன், பொறியியல் துணைத்தலைவர் பாப் லுண்டிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லுண்ட் அதுவரை ஏவக் கூடாது என்று நின்றவர். மாற்றிக்கொண்டார்.

இதற்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. ஃபுளோரிடாவில் நிறுவனத்தின் சார்பில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்டு. போட மாட்டேன் என்றார். யூட்டாவிலிருந்து இன்னொரு நிர்வாகி கையெழுத்திட்டுத் தொலைநகலில் அனுப்பினார். மறுநாள் காலை காற்றின் வெப்பம் 2 டிகிரி செல்சியஸ். ஏவிய 73 ஆவது வினாடியில் விண்ணோடம் சிதறியது, ஏழு பேரும் போய்விட்டார்கள்.

சைட்டில்19வருடம் அவர்களே, நீங்கள் சொன்னதுதான் அங்கேயும் நடந்தது. ஒருவர் மறுத்தால் இன்னொருவர் போடுவார். அதனால் அந்த மறுப்பு வீணா? விசாரணைக் குழுவின் முன் மெக்டொனால்டு எழுந்து நடந்ததைச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்தத் தாளில் அவர் பெயர் இல்லை. நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அது பெரும் பிரச்சினையானதும் மீண்டும் உயர்த்தியது. அந்த இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பின்னால் பறந்தவர்கள் அந்தத் திருத்திய இணைப்பை நம்பித்தான் பறந்தார்கள்.

என் மாணவர்கள் வழக்கமாக மெக்டொனால்டைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். எனக்கோ எபெலிங்கைத்தான் மறக்க முடிவதில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம், நாளை அது வெடிக்கும் என்று சொன்னவர் அவர். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னவர். அப்படியும் முப்பது ஆண்டு தன்னையே குற்றவாளியாக நினைத்து வாழ்ந்தார். 2016 இல், 89 வயதில், இந்த வேலைக்குக் கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று வானொலிப் பேட்டியில் சொன்னார். கேட்டவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. மெக்டொனால்டே பேசி அவரைத் தேற்றினார். சில வாரங்களில் எபெலிங் இறந்தார். சொல்லியும் தோற்ற ஒருவர் இவ்வளவு சுமந்தார் என்றால், சொல்லாமலே இருந்துவிட்டவரின் சுமை எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை.

பழைய பொதுப்பணி (ஞாயிறு, காலை 9.40)

தம்பி, நீ ஒப்புக்கொண்டதைப் படித்தேன். இனி உன்னை நீ என்றுதான் அழைப்பேன், பொறுத்துக்கொள்.

விண்துகள் சொன்ன கதை ஏவுவதற்கு முந்தைய இரவைப் பற்றியது. உன் நிலை வேறு. உன் கையெழுத்து ஏற்கெனவே தாளில் இருக்கிறது, அதன் மேல் ஐந்தாம் மாடி நிற்கிறது. உனக்குத் தேவையான கதை நியூயார்க்கில் நடந்தது. வில்லியம் லெமெசூரியர் என்ற கட்டமைப்புப் பொறியாளர் வடிவமைத்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். 1977 இல் முடிந்தது. திறப்பு விழா நடந்து, பெயரும் புகழும் வந்த பிறகு, 1978 இல் கணக்கை மறுபடி பார்க்கிறார். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது போதாது. வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைப் போல்ட் வைத்து முடித்திருக்கிறார்கள், அது அவர் அலுவலகத்தின் ஒப்புதலோடுதான் நடந்திருக்கிறது. அவரைத் தவிர யாருக்கும் முழுவதும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வாழ்நாளில் அந்தப் புயல் வராமலே போயிருக்கலாம். அவரே போய்க் கட்டட உரிமையாளரிடம் சொன்னார். இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் இரவு இரவாக எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள்.

உன் தவறு அவருடையதைவிடச் சிறியதா பெரியதா என்ற ஆராய்ச்சி வேண்டாம். அவர் கணக்கில் தவறினார், நீ உண்மையில் தவறினாய், அந்த வகையில் உன்னுடையது மோசம். ஆனால் திரும்பிப் போகும் பாதை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஐந்தாம் மாடியை மட்டும் சொல்லி நான்காம் மாடியை மறைத்தால், நீ உன் மேனேஜரைக் காட்டிக்கொடுத்தவன் மட்டுமே ஆவாய்.

கடனில்வீடு (ஞாயிறு, பகல் 12.15)

இங்கே பொறியாளர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பள்ளி ஆசிரியை. இதே போன்ற ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறேன். இருபது ஆண்டுக் கடன். என் மகள் அந்தத் தூண்களில் ஒன்றின் மேல்தான் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்துவைக்கிறாள்.

நியூயார்க் கதையை நானும் படித்திருக்கிறேன். பெரியவர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்தப் பழுதுபார்ப்பை இரவில் செய்தார்கள், கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் விஷயம் முழுதாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1995 இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வரும்வரை ஊருக்கு முழு உண்மை தெரியாது. இதை எப்படிப் பெரிய நேர்மை என்று பாடமாக்குகிறீர்கள்? சேலஞ்சரில் ஏறிய அந்த ஏழு பேரிடமும் முந்தைய இரவின் விவாதத்தை யாரும் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைப்பவர்களிடம் கேட்காமல் மற்றவர்களே பேசி முடித்துக்கொள்கிறீர்கள்.

2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்தபோது நாங்கள் போரூர் பக்கம் வாடகைக்கு இருந்தோம். 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஆம்புலன்ஸ் சத்தம் நாள்கணக்கில் நிற்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் ஏதோ ஒரு அறையில் பதிவேடுகள் இருந்திருக்கும், அவற்றில் கையெழுத்துகளும் இருந்திருக்கும்.

சிமெண்ட்தூசு தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நாளைக் காலை எழுதுங்கள்.

பேரேடு (ஞாயிறு, பகல் 1.30)

ஆசிரியை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் இதுவரை அவருடைய பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை.

தம்பிக்கு நடைமுறையாக ஒன்று. கடிதம் நீளமாக வேண்டாம். மன்னிப்பு, விளக்கம், மேனேஜரைப் பற்றிய குறை எதுவும் அதில் வேண்டாம். எந்தத் தேதியில் ஊற்றியது, எந்தத் தேதியில் உடைத்தது, என்ன எண் வந்தது. நான்காம் மாடிக்கு: மாதிரி எடுக்கப்படவில்லை, பதிவேட்டில் உள்ள நான்கு எண்களும் சோதனையில் வந்தவை அல்ல, அவற்றில் இருப்பது என் கையெழுத்து. கட்டமைப்பு ஆலோசகருக்கு அனுப்புங்கள், மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நகல். பதிவேட்டில் எதையும் அடிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். தவறான பதிவும் ஓர் ஆவணம்தான். அனுப்பும் முன் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சிமெண்ட்தூசு (திங்கள், காலை 10.05)

அனுப்பிவிட்டேன். ஏழு வரி. அம்மாவிடம் நேற்றிரவு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வீடுகளில் ஆள் குடிவந்துவிட்டார்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது" என்றார்.

சிமெண்ட்தூசு (27 நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.50)

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். அனுப்பிய அன்று மாலையே மேனேஜர் பத்து பேர் முன்னால் திட்டினார். அதைப் பற்றி மேலும் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கட்டமைப்பு ஆலோசகர் மறுநாள் வந்தார். ஆறாம் மாடி வேலையை நிறுத்தினார். இரண்டு மாடியிலும் முதலில் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தார்கள், பிறகு கம்பி எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு கோர் எடுத்தார்கள்.

ஐந்தாம் மாடி: 27.9, 26.1, 25.0. சராசரி 26.3. தேறிவிட்டது. ஐயா சொன்னதுபோல் கியூப்பைத்தான் சரியாகக் குத்தவில்லை. மேனேஜர் எழுதச் சொன்ன பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

நான்காம் மாடி: 24.2, 21.8, 23.5. சராசரி 23.2. தேறவில்லை. அந்த மழை இரவில் வண்டியில் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆலோசகர் கருதுகிறார். நான் அங்கே நின்றிருந்தால் பார்த்திருப்பேன். அந்த வண்டியிலிருந்து ஊற்றிய ஆறு தூண்களுக்கு இப்போது சுற்றிலும் கம்பி கட்டி, கான்கிரீட் உறை போட்டு ஜாக்கெட்டிங் செய்கிறார்கள்.

வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களுக்கு நிறுவனம் சொல்லியிருக்கிறதா என்று கேட்டு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. ஆசிரியை அக்கா, உங்கள் கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது. ஆலோசகரிடமும் கேட்டிருக்கிறேன். விடமாட்டேன்.

என்னைப் பணியிலிருந்து விலகச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து என்னுடையது, அதற்கான விலை என்று எடுத்துக்கொள்கிறேன். என்னால் தாங்க முடியாதது வேறு. லேப் உதவியாளரையும் அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது, ஆனால் எண்கள் அவன் கையால் எழுதியவை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பையன், செய்யாறு பக்கம் வீடு. நான் சொன்னதால் எழுதினான். மின்னஞ்சலில் அதையும் எட்டாவது வரியாகச் சேர்த்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. தலைமை அலுவலகத்துக்கு இப்போது எழுதியிருக்கிறேன், திரும்ப எடுப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லை. நாளை அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய பொதுப்பணி (ஞாயிறு, மாலை 6.20)

நடந்ததை நடந்தபடியே சொல். வாசலில் நின்று பேசாதே, உள்ளே போய் உட்கார்ந்து சொல். அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்.

கடனில்வீடு (ஞாயிறு, மாலை 6.45)

அந்த ஆறு தூண்கள் எந்த வீடுகளுக்குள் வருகின்றன என்ற விவரம் ஆலோசகரின் அறிக்கையில் இருக்கும். வாங்குபவர் ஒருவர் கேட்டால் அதைக் காட்டச் சொல்ல முடியுமா என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் நான் விசாரித்துச் சொல்கிறேன்.

சைட்டில்19வருடம் (ஞாயிறு, இரவு 11.10)

நான்கு மணி நேரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு எங்கள் சைட்டில் லேப் வேலை கொடுக்க முடியும். ஆனால் எண்ணைச் சொல்லி எழுதவைக்கும் வழக்கம் எங்கள் சைட்டிலும் இருக்கிறது, பல முறை சொன்னவன் நானேதான். அதை வைத்துக்கொண்டு அவனை இங்கே அழைக்க முடியாது. நாளை காலை எங்கள் பதிவேடுகளை எடுத்து உட்காருகிறேன். பொதுப்பணி ஐயா, ஒழுங்காக வரும் எண்களை எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று உங்களிடம் கேட்க வேண்டியிருக்கும். தம்பி, எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். பையனின் தொலைபேசி எண்ணை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.